கடலடி ஆய்வகத்தில் தொழில்நுட்பர் பணி: டெல்டா மாணவர்களும் பெற்றோர்களும் கேட்கும் கேள்விகள்

நான் திருமுல்லைவாசலுக்கு அருகில் பிறந்தவன். ஐ.டி.ஐ.யில் குளிர்சாதன மெக்கானிக் படிப்பை முடித்து, நாகப்பட்டினத்தில் ஓர் ஐஸ் கம்பெனியில் நான்கு ஆண்டுகள் கம்ப்ரசர் பார்த்தேன். அதன் பிறகு மும்பைக்கு மேற்கே உள்ள எண்ணெய் வயல்களில், ஆழ்கடல் டைவர்களை ஏற்றிச் செல்லும் கப்பல்களில், அவர்கள் சுவாசிக்கும் காற்றையும் அழுத்தத்தையும் கவனிக்கும் உயிர்காப்புத் தொழில்நுட்பராகப் பல ஆண்டுகள் பணியாற்றினேன். ஊர் திரும்பிய பின் சீர்காழி, நாகை, வேதாரண்யம் வட்டாரங்களில் மாணவர்களைச் சந்திக்கும்போது, கடலுக்கு அடியில் தங்கி ஆராய்ச்சி செய்யும் கூடங்களைப் பற்றியும் அங்கே வேலை கிடைக்குமா என்பதைப் பற்றியும் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அக்கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதுகிறேன்.

கடலடி ஆய்வகம் என்பது நீர்மூழ்கிக் கப்பலைப் போன்றதா?

இல்லை. நீர்மூழ்கிக் கப்பலின் உள்ளே நாம் தரையில் சுவாசிக்கும் அதே அழுத்தத்தில்தான் காற்று இருக்கும். வெளியே உள்ள நீரின் அழுத்தத்தை அதன் எஃகுச் சுவர் தாங்கிக்கொள்ளும். கடலடி ஆய்வகத்தில் காற்றின் அழுத்தமே வெளியே உள்ள நீரின் அழுத்தத்துக்குச் சமமாக வைக்கப்படுகிறது. ஒரு குடத்தைக் கவிழ்த்தபடியே குளத்தில் அமிழ்த்தினால் உள்ளே காற்று தங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே முறையில், ஆய்வகத்தின் அடிப்பகுதியில் உள்ள திறப்பு மூடப்படாமலே இருந்தாலும் கடல்நீர் உள்ளே ஏறுவதில்லை. ஆய்வாளர்கள் அந்தத் திறப்பின் வழியாகக் கடலுக்குள் இறங்குகிறார்கள், பல மணி நேரம் வேலை செய்கிறார்கள், திரும்பி வந்து உண்டு உறங்குகிறார்கள்.

1962இல் பிரான்சின் மர்சேய் நகருக்கு அருகே, பிரெஞ்சுக் கடல் ஆய்வாளர் ஜாக் குஸ்தோவின் குழுவைச் சேர்ந்த இருவர் 10 மீட்டர் ஆழத்தில் ஒரு வாரம் தங்கினார்கள். அமெரிக்கக் கடற்படை 1964 முதல் சீலேப் என்ற பெயரில் மூன்று முறை கூடம் இறக்கியது. இன்று அதிகம் பேசப்படுவது அமெரிக்காவின் புளோரிடா தீவுக்கூட்டத்தில், கீ லார்கோவுக்கு அப்பால் சுமார் 19 மீட்டர் ஆழத்தில் பவளப்பாறைகளுக்கு நடுவே நிற்கும் அக்வாரியஸ். அதில் ஆறு பேர் தங்கலாம். 2013 முதல் அதைப் புளோரிடா பன்னாட்டுப் பல்கலைக்கழகம் நடத்தி வருகிறது. நாசா தன் விண்வெளி வீரர்களுக்குப் பயிற்சி அளிக்க 2001 முதல் பலமுறை இதைப் பயன்படுத்தியது.

அங்கே தொழில்நுட்பர் என்ன செய்கிறார்?

அக்வாரியஸில் தங்கும் ஆறு பேரில் பொதுவாக இருவர் தொழில்நுட்பர்கள். மற்ற நால்வரும் பவளத்தையும் கடற்பஞ்சையும் மீன்களையும் ஆராயும்போது, இந்த இருவரும் அவர்களுக்கான காற்றையும் மின்சாரத்தையும் குடிநீரையும் தகவல் தொடர்பையும் கவனிக்கிறார்கள். ஆய்வகத்துக்கு நேர் மேலே ஒரு பெரிய மிதவை இருக்கிறது. அதிலுள்ள ஜெனரேட்டர்களும் கம்ப்ரசர்களும் குழாய்கள், கேபிள்கள் வழியாகக் கீழே காற்றையும் மின்சாரத்தையும் அனுப்புகின்றன. ஆய்வகத்தில் ஆட்கள் இருக்கும் நாட்களில் கரையிலிருந்து 24 மணி நேரமும் ஒருவர் கருவிகளின் அளவுகளைக் கண்காணித்துக்கொண்டிருப்பார்.

உள்ளே இருக்கும் தொழில்நுட்பரின் நாள், அளவு எடுத்துக் குறிப்பதிலேயே பெரும்பாலும் கழிகிறது. ஆக்ஸிஜன், கரியமில வாயு, அழுத்தம், வெப்பநிலை, ஈரப்பதம் ஆகியவற்றைக் குறித்த நேரத்துக்கு ஒருமுறை படித்து நோட்டில் எழுத வேண்டும். அதற்கிடையே ஆய்வாளர்கள் கடலுக்குள் இறங்கும்போது அவர்களுடைய சிலிண்டர்களையும் வால்வுகளையும் சரிபார்க்க வேண்டும். அவர்கள் எவ்வளவு தொலைவு போனார்கள், எப்போது திரும்ப வேண்டும் என்பதைக் கணக்கில் வைத்திருக்க வேண்டும். உணவும் மருந்தும் கணினியும் மேலிருந்து அழுத்தம் தாங்கும் பானைகளில் வந்து சேரும்; அவற்றைத் திறக்கும் முறையும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கழிவறை அடைத்துக்கொண்டால் அதைச் சரிசெய்வதும் அவர் பொறுப்புதான். இந்த வேலைக்கு வர விரும்புபவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இது ஆறு பேர் சுவாசிக்கும் காற்றைக் காவல் காக்கும் வேலை என்பதை. கடலில் மூழ்குவது அதன் ஒரு பகுதி மட்டுமே.

19 மீட்டர் ஆழம்தானே? ஏதாவது பிரச்சினை என்றால் நீந்தி மேலே வந்துவிட முடியாதா?

முடியாது. மாணவர்கள் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நீரில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு, அதாவது தரையில் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்த அளவு, கூடுகிறது. அக்வாரியஸ் 19 மீட்டர் ஆழத்தில் நின்றாலும், அதன் திறப்பு கடல் தரைக்குச் சில மீட்டர் மேலே, சுமார் 15 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. ஆகவே உள்ளே அழுத்தம் தரையில் உள்ளதைப் போல் சுமார் இரண்டரை மடங்கு. அந்தக் காற்றைச் சுவாசிக்கும்போது அதிலுள்ள நைட்ரஜன் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்திலும் கொழுப்பிலும் மூட்டுகளிலும் கரைகிறது. ஏறத்தாழ ஒரு நாளில் உடல் அந்த அழுத்தத்தில் ஏற்கக்கூடிய அளவு முழுவதையும் ஏற்று நிறைந்துவிடுகிறது. இதைச் சாச்சுரேஷன் என்கிறோம். அதற்குப் பிறகு பத்து நாள் தங்கினாலும் முப்பது நாள் தங்கினாலும் உடலில் சேரும் வாயு கூடுவதில்லை. ஆகவே அதை வெளியேற்றத் தேவைப்படும் நேரமும் கூடுவதில்லை. அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ஜார்ஜ் பாண்ட் இந்த உண்மையைச் சோதித்து நிறுவியதால்தான் கடலடியில் தங்குவது சாத்தியமாயிற்று.

அப்படி நிறைந்த உடலோடு ஒருவர் நேராக மேலே வந்தால், கரைந்திருந்த நைட்ரஜன் குமிழ்களாகப் பிரிந்து மூட்டுகளையும் தண்டுவடத்தையும் தாக்கும். கை கால் செயலிழக்கலாம், உயிரும் போகலாம். எனவே பயணத்தின் கடைசியில் ஆய்வகத்தின் கதவை அடைத்து, உள்ளே உள்ள அழுத்தத்தைச் சுமார் 17 மணி நேரத்தில் மெல்ல மெல்லத் தரையின் அளவுக்குக் குறைக்கிறார்கள். பிறகு மீண்டும் அழுத்தத்தை ஏற்றிக் கதவைத் திறந்து, உடனே மேலே நீந்திவிடுகிறார்கள். அந்தக் குறுகிய நேரத்தில் உடலில் புதிதாகச் சேரும் வாயு மிகக் குறைவு. இந்த 17 மணி நேரமும் அழுத்தக் கணக்கைப் பிசகாமல் நடத்துவது தொழில்நுட்பர் குழுவின் பொறுப்பு.

மூடிய அறையில் காற்று எப்படிக் கெடாமல் இருக்கிறது?

ஓய்வாக இருக்கும் ஒரு மனிதர் நிமிடத்துக்குச் சுமார் கால் லிட்டர் ஆக்ஸிஜனைச் செலவிடுகிறார். ஏறக்குறைய அதே அளவு கரியமில வாயுவை வெளிவிடுகிறார். ஆக்ஸிஜன் குறைவதை விடக் கரியமில வாயு சேர்வதுதான் விரைவில் ஆபத்தாகிறது. அதை நீக்க, காற்றைச் சோடா லைம் என்ற வெள்ளைக் குருணைகள் நிரம்பிய பெட்டியின் வழியே விசிறியால் செலுத்துகிறார்கள். சோடா லைமின் பெரும்பகுதி நம் வீட்டு வெற்றிலைப் பெட்டியில் இருக்கும் சுண்ணாம்பேதான். பெட்டியை மூட மறந்தால் மறுநாள் சுண்ணாம்பு வறண்டு இறுகிப்போவதற்கு ஈரம் உலர்ந்தது மட்டும் காரணமல்ல. அது காற்றிலிருந்து கரியமில வாயுவை உறிஞ்சிக் கல்லாக மாறத் தொடங்குகிறது. சுவரில் அடித்த சுண்ணாம்பு நாளாக ஆகக் கெட்டிப்படுவதும் இதனால்தான். இறுகிய சுண்ணாம்பு வெற்றிலைக்கு உதவாததைப் போல, நிறைந்துபோன குருணையும் ஆய்வகத்துக்கு உதவாது. அதை உரிய நேரத்தில் மாற்ற வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. அளவுகருவி ஒரு சதவிகிதம் என்று காட்டினால், தரையில் அது ஒரு சதவிகிதம்தான். ஆனால் இரண்டரை மடங்கு அழுத்தத்தில் அதே ஒரு சதவிகிதம் உடலுக்குத் தரையில் இரண்டரை சதவிகிதம் செய்யும் வேலையைச் செய்கிறது. ஆழம் கூடக் கூட இந்த வேறுபாடு பெருகும். கருவி காட்டும் எண்ணை அழுத்தத்தால் பெருக்கிப் பார்க்கும் பழக்கம் கைவராதவரை யாரையும் தனியாக இரவுப் பணியில் உட்கார வைக்க மாட்டார்கள்.

உங்கள் பணியில் தவறு நேர்ந்தது உண்டா?

உண்டு. நான் உதவியாளராகச் சேர்ந்த இரண்டாவது ஆண்டில், ஒரு கப்பலில், டைவர்கள் நாட்கணக்கில் தங்கும் அழுத்தக் கலனுக்குள் மூவர் உறங்கிக்கொண்டிருந்த இரவில், கரியமில வாயுவின் அளவு அரை மணிக்கு ஒருமுறை சிறிது சிறிதாக ஏறியது. ஒவ்வொரு முறையும் நான் எண்ணைச் சரியாக எழுதினேன். ஆனால் முந்தைய வரிசைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. நான்காவது முறை மேற்பார்வையாளர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்று, எழுதிய நான்கு எண்களின் மேலும் விரலை ஓட்டி, கீழிருந்து மேலாக ஒருமுறை படிக்கச் சொன்னார். படித்ததும் புரிந்துவிட்டது. விசிறிக்குச் செல்லும் ஓர் இணைப்பு தளர்ந்து, அது பாதி வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. மாற்று விசிறியைப் போட்டதும் அளவு இறங்கியது. உள்ளே இருந்தவர்கள் விழிக்கவும் இல்லை. அன்று முதல் எந்த எண்ணை எழுதினாலும் அதற்கு மேலே உள்ள மூன்று எண்களையும் படித்த பிறகே பேனாவை மூடுவேன்.

இந்தியாவில் இப்படிப்பட்ட ஆய்வகம் இருக்கிறதா? எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும்?

ஆட்கள் தங்கும் கடலடி ஆய்வகம் இன்று இந்தியாவில் இயங்கவில்லை. உலகெங்கும் தேடினாலும் இந்தப் பதவிப் பெயரில் நிரந்தர வேலை பார்ப்பவர்கள் மிகச் சிலரே. அதை மறைத்து யாருக்கும் ஆசை காட்ட நான் விரும்பவில்லை. ஆனால் இந்த வேலைக்குத் தேவையான அறிவும் கைப்பழக்கமும் வேறு சில இடங்களில் அன்றாடம் தேவைப்படுகின்றன.

முதலாவது, எண்ணெய் வயல்களில் நடக்கும் சாச்சுரேஷன் டைவிங். கப்பலின் மேல் தளத்தில் உள்ள அழுத்தக் கலனுக்குள் டைவர்கள் வாரக் கணக்கில் வாழ்வார்கள். மணி வடிவக் கூண்டில் கடலடிக்குச் சென்று வேலை செய்து, அதே அழுத்தத்திலேயே கலனுக்குத் திரும்புவார்கள். மிகுந்த ஆழத்தில் நைட்ரஜன் போதை தரும் என்பதால் அவர்களுக்கு ஹீலியமும் ஆக்ஸிஜனும் கலந்த வாயு தரப்படுகிறது. ஹீலியம் உடல் சூட்டை வேகமாக இழுத்துவிடும். ஆகவே நமக்குப் புழுக்கமாகத் தோன்றும் 30 டிகிரி அளவில் கலனின் வெப்பத்தை வைத்திருக்க வேண்டும். ஓரிரு டிகிரி தவறினாலும் உள்ளே இருப்பவர்கள் நடுங்குவார்கள் அல்லது வியர்ப்பார்கள். குரல் மாறிவிடுவதால் அவர்கள் பேசுவதைப் புரிந்துகொள்ளவே ஒரு தனிக் கருவி வேண்டும். இந்தக் கலனைக் கவனிப்பவர்தான் உயிர்காப்புத் தொழில்நுட்பர். அக்வாரியஸ் தொழில்நுட்பரின் வேலைக்கு மிக நெருங்கிய உறவுள்ள வேலை இது.

இரண்டாவது, 1993இல் நிறுவப்பட்டு, இன்று சென்னைப் பள்ளிக்கரணையில் இயங்கும் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம். மூன்று பேரை 6000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுசெல்லும் மத்ஸ்யா 6000 என்ற ஊர்தியை இந்நிறுவனம் உருவாக்கி வருகிறது. அதன் உள்ளே தரையின் அழுத்தமே இருக்கும் என்பதால் மேலே வரும்போது காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் 2.1 மீட்டர் விட்டமுள்ள ஓர் உருண்டைக்குள் மூவர் 12 மணி நேரம் பணிசெய்யவும், இக்கட்டு நேர்ந்தால் 96 மணி நேரம் உயிர்வாழவும் தேவையான காற்று ஏற்பாடு அதே கணக்குகளில்தான் அமைகிறது.

கடற்படையின் டைவிங் பிரிவு, அழுத்த ஆக்ஸிஜன் சிகிச்சை தரும் மருத்துவமனைகள், ஆளில்லாக் கடலடி ஊர்திகளை இயக்கும் நிறுவனங்கள் ஆகியவையும் இந்த வட்டத்துக்குள் வருகின்றன.

என்ன படிக்க வேண்டும்? பொறியியல் பட்டம் கட்டாயமா?

ஆய்வு நிறுவனத்தில் வடிவமைப்புப் பணிக்குப் பட்டம் தேவை. கருவிகளை இயக்கிப் பராமரிக்கும் பணிக்கு ஐ.டி.ஐ. அல்லது டிப்ளமோவோடு தொடங்கலாம். குளிர்சாதனம், எலக்ட்ரீஷியன், ஃபிட்டர், கருவியியல் ஆகிய பிரிவுகள் மிகவும் பொருத்தமானவை. கப்பல் வேலைக்கு, முதலில் உதவி உயிர்காப்புத் தொழில்நுட்பருக்கான பயிற்சியை முடித்துச் சான்றிதழ் பெற வேண்டும். பிறகு கட்டுப்பாட்டுப் பலகையின் முன் அமர்ந்த மணி நேரங்களைப் பதிவேட்டில் சேர்த்து, தேர்வெழுதி, அடுத்த நிலைக்கு உயர வேண்டும். ஹெலிகாப்டர் கடலில் விழுந்தால் தப்பிப்பதற்கான பயிற்சியும் கட்டாயம்.

நம் பகுதியில் ஏற்கெனவே இருக்கும் ஒரு திறமையை யாரும் திறமையாகக் கருதுவதில்லை என்பது எனக்கு வருத்தம். திருமுல்லைவாசலிலிருந்து வேதாரண்யம் வரை உள்ள வன்னாமி இறால் பண்ணைகளில் இரவு வேலை பார்க்கும் இளைஞர்களைக் கவனியுங்கள். விடியலுக்கு முன் மூன்று மணிக்குக் குளத்து நீரில் ஆக்ஸிஜன் அளவு அடிமட்டத்துக்கு இறங்கும். மீட்டரை இறக்கிப் பார்த்து, அளவு லிட்டருக்கு நான்கு மில்லிகிராமுக்குக் கீழே போகப் போகிறது என்று தெரிந்தால் கூடுதல் ஏரேட்டரைப் போடுகிறார்கள். மின்சாரம் நின்றால் சில நிமிடங்களில் ஜெனரேட்டரை எழுப்புகிறார்கள். தவறினால் மூன்று மாத உழைப்பு காலையில் மிதக்கும். இதைப் பிழையின்றிச் செய்பவருக்கு உயிர்காப்புத் தொழில்நுட்பத்தின் பாதி ஏற்கெனவே தெரியும். ஐஸ் கம்பெனியில் அம்மோனியா கம்ப்ரசரின் அழுத்தமானியைப் பார்த்துப் பழகியவருக்கும் அப்படியே. மீதிப் பாதிக்கு வாயு விதிகளும் உடலியலும் ஆங்கிலத்தில் தெளிவாக அறிக்கை எழுதும் பழக்கமும் வேண்டும்.

கொள்ளிடத்தில் நீந்திப் பழகியது போதுமா?

தண்ணீர்ப் பயம் இல்லை என்பதற்கு மேல் அது எதையும் உறுதிசெய்யாது. ஆய்வகத்தின் உள்ளே தங்குபவர் முறையாகப் பயிற்சி பெற்ற டைவராகவும் இருக்க வேண்டும். புதுச்சேரியிலும் அந்தமானிலும் தொடக்கநிலைப் பயிற்சி கிடைக்கிறது.

உடல் தகுதி என்ன?

காது, நுரையீரல், இதயம் ஆகிய மூன்றையும் கடுமையாகச் சோதிப்பார்கள். ஆஸ்துமா, வலிப்பு, நுரையீரல் சுருங்கிய வரலாறு உள்ளவர்களை அழுத்தத்தில் இறக்க மாட்டார்கள். கட்டுப்பாட்டுப் பலகையில் மட்டும் பணிசெய்ய இவ்வளவு கெடுபிடி இல்லை. ஈரம் மிகுந்த அறையில் நாட்கணக்கில் இருப்பதால் காதில் தொற்று எளிதில் வரும் என்பதையும், பல ஆண்டுகள் அழுத்தத்தில் வேலை செய்பவர்களுக்கு எலும்பு பாதிக்கப்படலாம் என்பதையும் அறிந்தே முடிவெடுக்க வேண்டும்.

பெண்கள் இந்த வேலைக்கு வரலாமா?

தாராளமாக வரலாம். 1970இல் அமெரிக்க வர்ஜின் தீவுகளில், டெக்டைட் என்ற கடலடிக் கூடத்தில், கடல் உயிரியலாளர் சில்வியா ஏர்லின் தலைமையில் ஐந்து பெண்கள் இரண்டு வாரம் தங்கினார்கள். அவர்களில் நால்வர் அறிவியலாளர்கள். ஐந்தாவது பெண்ணான மார்கரெட் ஆன் லூகாஸ்தான் அக்குழுவின் பொறியாளர். கூடத்தின் இயந்திரங்கள் அவருடைய பொறுப்பில் இருந்தன. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் பிரிவு படிக்கும் மாணவிகளிடம் நான் முதலில் சொல்வது இவரைப் பற்றித்தான்.

“அண்ணா, உண்மையைச் சொல்லுங்கள். பிள்ளையை அனுப்பிவிட்டு நான் இங்கே தூங்க முடியுமா?”

தரங்கம்பாடியில் ஒரு தாய் கேட்டது. ஆபத்து இல்லை என்று நான் அந்தத் தங்கையிடம் சொல்லவில்லை. 1969 பிப்ரவரியில் கலிபோர்னியாவுக்கு அப்பால் சுமார் 185 மீட்டர் ஆழத்தில் இறக்கப்பட்ட சீலேப் 3 கூடத்தில் கசிவு ஏற்பட்டது. அதைச் சரிசெய்ய இறங்கிய பெர்ரி கேனன் உயிரிழந்தார். அப்போது பயன்படுத்தப்பட்ட சுவாசக் கருவிகளில் ஒன்றில் கரியமில வாயுவை உறிஞ்சும் பொருளே நிரப்பப்படவில்லை என்பது விசாரணையில் தெரிந்தது. அந்தத் திட்டமே அத்துடன் நின்றது. 2009இல் அக்வாரியஸின் தொழில்நுட்பர் ஒருவரும் கடலுக்குள் பணியில் இருந்தபோது உயிரிழந்தார்.

இரண்டு நிகழ்விலும் இறந்தவர்கள் மற்றவர்களுக்காகக் கூடத்தைக் கவனிக்கும் பணியில் இருந்தவர்கள். இன்று ஒவ்வொரு கருவியையும் ஒருவர் பட்டியலை உரக்கப் படிக்க, இன்னொருவர் தொட்டுப் பார்த்துச் சரி என்று சொல்லிய பிறகே நீரில் இறக்கும் வழக்கம் இருக்கிறது. அந்தப் பட்டியலைப் படிக்க நேரமில்லை என்று சொல்லும் நிறுவனத்தில் பிள்ளை ஒரு நாளும் வேலை செய்யக் கூடாது என்று அவரிடம் சொன்னேன். விசைப்படகில் கணவரை அனுப்பிவிட்டுக் காத்திருந்து பழகியவர் அவர். இதற்கு மேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பூம்புகார் கடலில் ஓர் ஆய்வகம் அமைக்க முடியாதா?

இந்தக் கேள்வியை எல்லா ஊரிலும் ஆசையோடு கேட்கிறார்கள். கோவாவில் உள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் 1990களின் தொடக்கத்தில் பூம்புகாருக்கு அப்பால் சுமார் 23 மீட்டர் ஆழத்தில் லாட வடிவிலான ஓர் அமைப்பை ஆராய்ந்தார்கள். ஆழத்தைப் பொறுத்தவரை அது அக்வாரியஸ் நிற்கும் ஆழத்தை ஒட்டியதுதான். ஆனாலும் கடலடியில் ஆட்கள் தங்கும் கூடத்துக்கு நம் கரை ஏற்றதல்ல என்பதே என் கருத்து. ஆறுகள் கொண்டுவரும் வண்டலால் நீர் கலங்கியே இருக்கும்; கையெட்டும் தூரம்கூடத் தெரியாத நாட்கள் பல. இழுவலைகள் ஓடும் கடல் இது. எல்லாவற்றுக்கும் மேலாகப் புயல். 1989இல் ஹியூகோ புயலுக்குப் பின் அக்வாரியஸ் தன் முதல் இடமான வர்ஜின் தீவுகளை விட்டுப் பெயர்க்கப்பட்டது. புளோரிடாவிலும் 2017இல் இர்மா புயல் அதன் மிதவையைக் கட்டறுத்துக் கொண்டுபோனது. 2018 நவம்பரில் வேதாரண்யத்தருகே கரையேறிய கஜாவை நேரில் கண்டவர்களுக்கு, அந்த இரவில் நாகைக்கு அப்பால் ஒரு மிதவை நின்றிருக்குமா என்று நான் சொல்லத் தேவையில்லை. தெளிந்த நீரும் பவளமும் உள்ள அந்தமானும் லட்சத்தீவும் இதற்குப் பொருத்தமான இடங்கள்.

சம்பளம் எப்படி இருக்கும்?

கப்பல் வேலையில் பெரும்பாலும் நாள் கணக்கில் ஊதியம். கடலில் இருக்கும் நாட்களுக்கு நன்றாகவே கிடைக்கும். பருவமழைக் காலத்தில் வேலை நிற்கும்போது கையில் ஒன்றும் வராது. குறுவைக்கும் சம்பாவுக்கும் இடையில் வீட்டுச் செலவைச் சமாளிக்கத் தெரிந்த குடும்பத்துக்கு இது பழகிவிடும். ஆய்வு நிறுவனங்களில் மாதச் சம்பளம்; தொகை குறைவு.

வேலை வாங்கித் தருவதாக ஏஜெண்டுகள் பணம் கேட்கிறார்களே?

கொடுக்காதீர்கள். பயிற்சிக் கட்டணம் பயிற்சி நிலையத்துக்கு, ரசீதோடு. வேலைக்கென்று யாருக்கும் ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை.

இப்போதே எதிலிருந்து தொடங்கலாம்?

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். இறால் பண்ணையிலோ ஐஸ் கம்பெனியிலோ உங்களுக்குத் தெரிந்தவர் ஒருவர் இருப்பார். அவரிடம் அனுமதி பெற்று, ஒரு வாரம் இரவு இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை, அரை மணிக்கு ஒருமுறை மீட்டரின் அளவை எழுதுங்கள். நேரம், அளவு, எந்த மோட்டார் ஓடியது, எது நின்றது, வானம் எப்படி இருந்தது என்ற ஐந்தும் ஒவ்வொரு வரியிலும் இருக்கட்டும். ஒரு முறை தவறவிட்டால் அந்த வரியைக் காலியாக விடுங்கள். மறுநாள் ஊகித்து நிரப்பாதீர்கள். அடுத்த சந்திப்புக்கு வரும்போது அந்த நோட்டைக் கொண்டுவாருங்கள். கீழிருந்து மேலாகச் சேர்ந்து படிப்போம்.